இருபது பெட்டி பிடிக்கிற வண்டி

டிக்கியத் தொறந்து பாத்தீங்களா தம்பி? சும்மா எட்டிப் பாத்தா ஆகாதுங்க. அந்த அட்டையத் தூக்கிட்டு, ஸ்டெப்னி இருக்கற குழிக்குள்ள கைய விட்டுத் தடவிப் பாருங்க. துரு இருக்குதா? ஈரம் இருக்குதா? இருக்காது. பழைய வண்டி வாங்கறவங்க மொதல்ல அங்கதான் கை வைக்கோணும்னு மெக்கானிக் சீலன் அண்ணன் எனக்குச் சொல்லிக் குடுத்தாரு. பெயிண்ட் யாரு வேணாலும் அடிச்சு வெச்சிருவாங்க.

உக்காருங்க. வெயில்ல மதுரையில இருந்து வந்திருக்கீங்க, ஒரு வாய் மோர் குடிங்க. போட்டோ ஸ்டுடியோன்னு போன்ல சொன்னீங்க. லைட்டு, ஸ்டாண்டு, குடை எல்லாம் ஏத்திட்டு கல்யாணம் கல்யாணமாப் போகோணும். அதுக்கு இதவிட வண்டி கிடைக்காது. ஆனா நல்ல வண்டிய ஏன் விக்கறீங்கன்னு கேட்டீங்க பாருங்க, நியாயமான கேள்விதான். சொல்றேன். வண்டில ஒரு கொறையும் இல்ல. என்மேலயும் ஒரு கொறையும் இல்ல. ரெண்டையும் கேட்டுக்கிட்டு அப்பறம் வெலை பேசலாம்.

எங்கூட்டுக்காரரு பேரு நாச்சிமுத்து. பூ ஏவாரம். சத்தியமங்கலம் மல்லி தெரியுமில்லீங்க? மதுரக்காரங்க கிட்டப் போய் மல்லியப் பத்திப் பேசறேன் பாருங்க. இருக்கட்டும், எங்க மல்லியும் மல்லிதான். வெடியால பறிச்சு, மொட்டா இருக்கறப்பவே தெர்மாகோல் பெட்டில அடுக்கி, ஐஸ் வெச்சு மூடி, கோயமுத்தூர் ஏர்போர்ட்டுல சேத்திரோணும். பதினொன்றரைக்குள்ள உள்ள போனாத்தான் பிளைட்டு. சாயங்காலம் துபாயில யாரோ தலையில வெச்சுக்குவாங்க. அவரும் அவரு தம்பி சென்னியப்பனும் சேந்துதான் பண்ணுனாங்க. தோட்டக்காரங்க வீட்டுக்குப் போய்ப் பேசறது அவரு. வேன் ஓட்டிட்டுப் போறது தம்பி. பெட்டி அடுக்கறது நானு. ஒரு பெட்டில அஞ்சு கிலோ, ஒரு மொட்டு நசுங்காது. அதை யாரும் கணக்குல எடுக்கல.

அவரு போயிட்டாரு. காய்ச்சல்னு படுத்தாரு, ஆறாம் நாளு இல்ல. அதையெல்லாம் இப்பச் சொல்லி உங்களச் சங்கடப்படுத்த மாட்டேன்.

கருமாதி அன்னைக்கு, ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் சாப்பிட்டுக் கை கழுவிக்கிட்டு நிக்கறாங்க. நான் கொழுந்தனாரு கிட்டப் போய், ரெண்டு நாள்ல நானும் மார்க்கெட்டுக்கு வந்தர்றேன், அவரு பண்ணுன வேலைய நான் பாத்துக்கறேன்னு சொன்னேன். மெதுவாத்தான் சொன்னேன். அவரு எல்லாருக்கும் கேக்கற மாதிரி பதில் சொன்னாரு.

"நங்கைக்கு எதுக்குங்க இந்த அலைச்சல்? நீங்க வண்டி ஓட்டிட்டுப் போய்ச் சேர்றதுக்குள்ள மொட்டெல்லாம் பூத்துப் போயிரும்."

அண்ணன் பொண்டாட்டிய எங்க பக்கம் நங்கைன்னுதான் கூப்பிடுவாங்க. மரியாதையான வார்த்தை. அந்த மரியாதைய முன்னாடி வெச்சுக்கிட்டு, பின்னாடி இதச் சொன்னாரு. அத்தன பேரும் சிரிச்சாங்க தம்பி. எங்கண்ணன்கூட சிரிச்சான். எழவு வீட்டுல பதினாறு நாளா சிரிக்காம இருந்தவங்க, என்னையப் பாத்துச் சிரிச்சாங்க.

அவரு நல்லெண்ணத்துல சொன்னாரும்பாங்க. மாசாமாசம் அரிசி பருப்பு, துணிமணி எல்லாம் வீட்டுக்கே வந்துரும்னாரு. வந்துச்சுங்க. மொத மாசம் மூட்டை வந்துச்சு. வாசல்லயே வெச்சுட்டேன். மாடு தின்னுச்சு.

அன்னைக்கு முடிவு பண்ணுனேன். வண்டி வாங்கோணும். அவரு வேன் போய்ச் சேர்றதுக்கு முன்னாடி போய்ச் சேர்ற வண்டி.

வண்டி ஓட்ட எனக்குத் தெரியும். எங்கப்பா தோட்டத்துல ஜீப்பு வெச்சிருந்தாரு. பதினாலு வயசுல கியர் போடக் கத்துக்கிட்டேன். அது கொழுந்தனாருக்குத் தெரியும், தெரிஞ்சும்தான் சொன்னாரு.

கையில இருந்தது ரெண்டே முக்கால் லட்சம். ரெண்டு மாட்டையும் ஒரு சங்கிலியையும் வித்தது. அதுக்குள்ள வண்டி வேணும், வேகமும் வேணும், எடமும் வேணும். கோயமுத்தூர் போய் சீலன் அண்ணன் பட்டறையில நின்னேன். அவரு சின்ன வயசுல ரேஸ் வண்டிக்கெல்லாம் வேலை பாத்தவரு. எங்கூட்டுக்காரருக்குப் பழக்கம். எல்லாத்தையும் கேட்டுட்டு, குட்டி லாரி ஒண்ணு வாங்கிக்கம்மா, பூவுக்கு அதுதான் தோதுன்னாரு. ஏறி ஓட்டிப் பாத்தேன். அறுபது தாண்டுனா ஸ்டியரிங்கு ஆடுது. பின்னாடி தார்ப்பாய்க்குள்ள அடுப்பு மாதிரி கொதிக்குது. அந்தச் சூட்டுல ஐஸு புளியம்பட்டி வரைக்கும்கூடத் தாங்காது.

அப்பறம் ஒரு பெரிய ஜீப்பு மாதிரி வண்டி. எடம் தாராளம். ஆனா வளைவுல திரும்புனா ஒருபக்கமாச் சாயுது, பெட்டி ஒண்ணுமேல ஒண்ணு விழுந்து மொட்டு நசுங்கிரும். பின்கதவு வேற நெஞ்சு ஒசரம். தெனமும் இருபது பெட்டி தூக்கி வெச்சா இடுப்பு என்னாகும்? அடுத்து ஒரு கார். நல்ல வேகம், பாக்கவும் லட்சணம். ஆனா டிக்கி தனியா, ஆளு உக்கார்ற எடம் தனியா இருக்குது. ஏசி காத்து டிக்கிக்குப் போகாது. ஓட்டறவளுக்குக் குளுகுளுன்னு இருந்து என்ன பண்றது, பூவுக்கு இல்லியா குளிரோணும்?

இப்படியே ஒரு மாசம். புரோக்கரு ஒருத்தன் ஒரு வண்டியக் காட்டி, முப்பதாயிரம் கிலோமீட்டருதான் ஓடியிருக்குதுக்கான்னான். சீலன் அண்ணன் குனிஞ்சு பிரேக் மிதிக்கற ரப்பரத் தொட்டுப் பாத்தாரு. வழுவழுன்னு தேஞ்சு போயிருக்குது. முப்பதாயிரத்துல ரப்பரு தேயாது, மீட்டரத்தான் பின்னால சுத்தியிருக்கான்னு என் காதுல சொன்னாரு. நீங்களும் இதுல பாத்துக்கங்க. தேஞ்சிருக்குது, நான் மறைக்கல. மீட்டருல என்ன இருக்குதோ அது நெசம்.

கடசியில இது வந்துச்சு. ஒரு மில்லுக்காரரு வீட்டுல நின்னுட்டு இருந்துச்சு. மூஞ்சி காரு, முதுகு நீளம், கூரை பின்கதவு வரைக்கும் நேரா ஓடும். நம்ம ஊருல இந்த மாதிரி வண்டி விலைபோகல தம்பி. சனங்களுக்கு டிக்கி துருத்திக்கிட்டு இருந்தாத்தான் காரு. அதனால இதைச் சீந்த ஆளில்ல, வெலை எறங்கிப்போச்சு. எனக்கு அதுதான வேணும்? புதுக் காருக்கு உண்டான இஞ்சினு, பழைய வண்டி வெலையில. டீசல், டர்போ. பின் சீட்ட மடக்கிப்போட்டா முன்சீட்டு முதுகு வரைக்கும் ஒரே சமம். நடுவுல தடுப்பு இல்ல, ஏசி போட்டா கடைசிப் பெட்டி வரைக்கும் குளிரும். டிக்கி வாய் முட்டி ஒசரம், பெட்டிய வெச்சுத் தள்ளுனாப் போதும். நான் நாலு காலிப் பெட்டி கொண்டு போயிருந்தேன், வெச்சு வெச்சு அளந்து பாத்தேன். இருபது பெட்டி. கச்சிதமா இருபது.

ஓட்டிப் பாக்கறதுக்கு அவினாசி ரோட்டுல ஏறுனேன். மூணாவது கியர்ல மிதிச்சேன் பாருங்க, முதுக யாரோ பின்னால இருந்து தள்ளுன மாதிரி இருந்துச்சு. சிரிச்சுட்டேன். அவரு போனதுக்கப்பறம் மொதத் தடவையாச் சிரிச்சது அப்பத்தான்.

சீலன் அண்ணன் பக்கத்துல கம்பியப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. எறங்குனதும் கேட்டாரு. "சாந்தாமணி, நீ வேகமா ஓடற வண்டி தேடறியா, சென்னியப்பனத் தாண்டற வண்டி தேடறியா? ரெண்டும் வேற வேறம்மா."

ரெண்டும் ஒண்ணுதானுங்கண்ணான்னேன். இப்பவும் அதத்தான் சொல்லுவேன்.

அவரு டைமிங் பெல்ட்ட மாத்திக் குடுத்தாரு, டயரு நாலும் போட்டாரு. மொத்தமும் ரெண்டு லட்சத்து அறுவத்தஞ்சுல முடிஞ்சுது.

ஊருக்குள்ள கொண்டு வந்தப்ப கொழுந்தனாரு டீக்கடையில இருந்தாராம். நங்கை பொணவண்டி வாங்கியிருக்காங்கன்னு சொன்னாராம். எனக்கு ஒரு மணி நேரத்துல சேதி வந்திருச்சு. சொல்லட்டும்னு விட்டுட்டேன்.

ஏர்போர்ட்டுல பெட்டி எடுக்கற ஏஜெண்டு, நம்ம பக்கத்துல இருந்து ஒரு நாளைக்கு முப்பது பெட்டிதான் எடுப்பாரு. யாரு முன்னாடி போறாங்களோ அவங்க பெட்டி பிளைட்டுல ஏறும். மிச்சம் உள்ளூர் மார்க்கெட்டுக்குத்தான், பாதி வெலைகூடப் போகாது. அதுவரைக்கும் முப்பதும் கொழுந்தனாரு பெட்டிதான். மொத நாள் நான் மூணு பெட்டியோட போனேன். வசந்தா குடுத்த பூ.

வசந்தா யாருன்னு சொல்லோணுமில்ல. எங்க தெருவுலயே மூணாவது வீடு. புருசன் விட்டுட்டுப் போயிட்டான். முக்கா ஏக்கரா குத்தகைக்கு எடுத்து மல்லி போட்டிருந்தா. யாரும் என்னைய நம்பாதப்ப, அக்கா எம் பூவ நீங்க கொண்டு போங்கன்னு மொதல்ல வந்தவ அவதான். அத நான் மறக்கல. யாரும் நான் மறந்துட்டேன்னு சொல்ல முடியாது.

மூணு பெட்டி ஆறாச்சு, ஆறு பன்னெண்டாச்சு. புரட்டாசி வர்றதுக்குள்ள தெனமும் இருபது பெட்டி. வேன் இன்னும் ரோட்டுல இருக்கறப்ப நான் ஏர்போர்ட்டுல ரசீது வாங்கிட்டு இருப்பேன். நான் இருபது குடுத்தா அவருக்குப் பத்துதான் எடம். மிச்சப் பெட்டிய வெச்சுக்கிட்டு அவரு வெயில்ல நிப்பாரு. நான் வெளிய வர்றப்ப வேணும்னே கண்ணாடிய எறக்கி வெச்சுக்கிட்டு மெதுவாத்தான் வருவேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். பாக்கோணும், அவ்வளவுதான். அவரு தலையக் குனிஞ்சுக்குவாரு. அந்தத் தலை குனியறதுக்கோசரம் நான் எத்தன தூரம் வேணாலும் ஓட்டுவேன் தம்பி.

ஒரு நாள் பதினாறு நிமிசம் முந்துனேன். ஒரு நாள் இருபத்திரெண்டு. எழுதி வெச்சிருக்கேன், காலண்டருல. காட்டட்டுமா? வேண்டாமா, சரி.

தை மாசம் வந்துச்சு. பனிக்குப் பூ வராதுங்க. பத்துச் செடியப் பறிச்சா ஒரு கை மொட்டு. ஆனா முகூர்த்தம் தையிலதான, வெலை தலைக்கு மேல ஏறி நிக்கும். ரெண்டாவது முகூர்த்தத்துக்கு மொத நாளு. எனக்குப் பதினொரு பெட்டிதான் சேந்துது. வசந்தா மட்டும் பாக்கி. பத்து நிமிசம் இருங்கக்கா, பனில கை வெறச்சுப்போச்சு, இப்பக் கொண்டாந்தர்றேன்னு போன்ல சொன்னா. நான் எதுத்தாப்பல பாக்கறேன், கொழுந்தனாரு வேன்ல கதவச் சாத்தறாங்க. வேன் எனக்கு முன்னால கெளம்பிரும். பத்து நிமிசம்னா பத்து நிமிசமா தம்பி? பூவுல பத்து நிமிசம்னா அரை மணி நேரம். கெளம்பிட்டேன். நாளைக்கு வாங்கிக்கலாம்னு நெனச்சேன். தப்பா?

புளியம்பட்டியில டீசல் போட நின்னேன். நிக்கறப்ப ஒரு வேன் தாண்டிப் போச்சு. அவருதான். என்னைய முந்திக்கிட்டுப் போறாரு. எனக்கு ஒடம்பு தீயாய்ப் போச்சு. சில்லறைகூட வாங்காம மிதிச்சேன். நூத்திப் பத்து, நூத்தி இருபது. வண்டி ஒரு சத்தம் போடாது, அப்படியே ரோட்ட உறிஞ்சும். ஓட்டிப் பாக்கறப்ப உங்களுக்கே தெரியும்.

அன்னூருக்கு முன்னால, வேன் ஓரமா நிக்குது. இஞ்சின்ல இருந்து பொகை. அவரு ரோட்டுல எறங்கிக் கை காட்டறாரு. மணி பத்தே முக்கால். பக்கத்துல பஞ்சர்க் கடைக்காரன் ஒருத்தன் நிக்கறான்.

நின்னேன் தம்பி. நிக்காமப் போனேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நின்னேன். கண்ணாடிய எறக்குனேன். அவரு ஓடி வந்தாரு. மூச்சு வாங்குது. என்னையப் பாக்கல, என்ற பின்னால இருக்கற காலி எடத்தத்தான் பாத்தாரு.

"நங்கை, பெட்டிய மட்டும் ஏத்திக்கங்க. ஒம்பதுதான். நான் வரல."

எத்தன நாளு காத்திருந்தேன் தெரியுங்களா? எதுத்தாப்பல வந்து நிக்கறாரு, வேர்த்துக் கொட்டுது, கையி வண்டிக் கதவுமேல இருக்குது.

"எடம் இருக்குதுங்க," அப்படீன்னேன். "கொழுந்தனாருக்கு இல்ல."

அவரு மொகத்த நீங்க பாத்திருக்கோணும். கோவப்படல. நங்கை, இதுல, அப்படீன்னு என்னமோ சொல்ல வாயெடுத்தாரு. அதுக்குள்ள கண்ணாடி ஏறிருச்சு. இது பட்டன் கண்ணாடிங்க. ஒரு தடவ தொட்டா அது பாட்டுக்குக் கடைசி வரைக்கும் ஏறிரும். நடுவுல நிக்காது. அவரு என்ன சொல்ல வந்தாருன்னு எனக்குக் கேக்கல. இதுலங்கறது மட்டுந்தான் கேட்டுச்சு. இதுலங்கறதுல என்ன தெரியும், சொல்லுங்க? யாருக்குத் தெரியும்?

போயிட்டேன். பதினொண்ணு இருபதுக்கு ஏர்போர்ட்டு. ஏஜெண்டு பதினொரு பெட்டியயும் எடை போட்டுட்டு, அக்கா இன்னைக்குப் பூவே இல்ல, இன்னும் பத்துப் பெட்டி இருந்தாலும் குடுங்க, கேட்ட வெலை தர்றேன்னாரு. இல்லீங்கன்னேன். கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன். வர்ற வழியில ஒரு கடையில நின்னு ரெண்டு டீ குடிச்சேன். அவ்வளவு சந்தோசம்.

மறுநாள் காலையில வசந்தா வந்தா. உள்ள வான்னேன், வரல. வாசப்படிக்குக் கீழயே நின்னா. நான் கெளம்புனதுக்கப்பறம் அவ பூவோட ஓடி வந்திருக்கா. நான் இல்ல. வேனும் நாலடி போயிருச்சு. கொழுந்தனாரு பின்னால கண்ணாடியில பாத்து வேன நிறுத்தி, அவ பூவ வாங்கி ஏத்தியிருக்காரு. நாலு பெட்டி. மிச்ச அஞ்சும் எங்க தெருவுப் பூதான். பனில பறிக்க நேரமாயி, முந்துன நாள்ல என் வண்டியத் தவறவிட்டுட்டு, இந்தத் தடவ அவருகிட்டக் குடுத்தவங்க பூவு. இதெல்லாம் எனக்கு அப்பத்தான் தெரியும்.

"எடம் இருந்துச்சாக்கா?" அது ஒண்ணுதான் கேட்டா.

நான் பொய் சொல்ற ஆளு இல்ல தம்பி. இருந்துச்சுன்னேன்.

அவ சண்டை போடல. சண்டை போட்டிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன். முந்தானையில கையத் தொடச்சுக்கிட்டுத் திரும்பிப் போயிட்டா. அன்னைக்கு எனக்கு ஏழு பெட்டி வந்துச்சு. அடுத்த நாளு நாலு. மாசி பொறக்கறப்ப ஒண்ணுமில்ல.

நீங்க என்ன நெனைப்பீங்க? கொழுந்தனாரு ஊரெல்லாம் போய்ச் சொல்லிட்டாருன்னுதான? அதுதான் இல்ல. அவரு யாரு கிட்டயும் என்னையப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலயாம். வேன் கெட்டுப்போச்சு, பால் வண்டியில ஏத்தி அன்னூரு மார்க்கெட்டுல வித்தேன், பாதிதான் கெடச்சுது, மன்னிச்சுக்கங்கன்னு வீடு வீடாப் போய்ச் சொன்னாராம். சொன்னது அந்தப் பஞ்சர்க் கடைக்காரன். அவன் மச்சினன் எங்க ஊரு. இவரு சொல்லியிருந்தா நானும் எதுக்க நின்னு, கருமாதி அன்னைக்கு நடந்ததச் சொல்லியிருப்பேன். சொல்லவே இல்ல பாருங்க. வாயத் தொறக்காம இருந்தே என்னையக் கெட்டவளாக்கிப்போட்டாரு. எப்படிப்பட்ட வஞ்சகம் அது? சீலன் அண்ணன் கிட்டச் சொன்னேன், அவருக்கும் புரியல. டயரு காத்த மட்டும் பாத்துட்டு உள்ள போயிட்டாரு.

அதுக்கப்பறம் ரெண்டு மாசம் தெனமும் வெடியால எந்திரிச்சு வண்டியக் கழுவி, ஏசி போட்டு, மார்க்கெட்டு முன்னாடி கொண்டு போய் நிறுத்துனேன். டிக்கியத் தொறந்து வெச்சுக்கிட்டு நின்னேன். ஒருத்தரும் வரல. ஒரு நாளு வெறும் வண்டியவே ஏர்போர்ட்டு வரைக்கும் ஓட்டிட்டுப் போனேன். நாப்பத்தேழு நிமிசம். அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அவ்வளவு வேகத்துல நான் போனதே இல்ல. கேட்டுக்கிட்ட நின்னேன். வேன் வந்துச்சு. உள்ள முப்பது பெட்டி இருந்திருக்கும். நான்தான் முந்துனேன். அதை அவரு பாத்தாரு. பாத்தாரு தம்பி, எனக்குத் தெரியும்.

விக்கறது அதுக்குத்தான். தோத்துப் போயி விக்கல. நிறுத்தி வெச்சா பேட்டரி எறங்கிரும், டயரு தட்டையாயிரும். நல்ல வண்டி, ஓடோணும். நீங்க போன்ல சொன்ன வெலைக்கே குடுத்தர்றேன், ரெண்டாயிரம்கூடக் கொறைச்சுக்கங்க. ஆர்.சி. புக்கு, இன்சூரன்ஸ், சீலன் அண்ணன் போட்ட பில்லு எல்லாம் இந்தக் கவர்ல இருக்குது.

ஒரே ஒரு காரியம் மட்டும் எனக்குப் பண்ணிக் குடுங்க. இங்கிருந்து போறப்ப பைபாசுல ஏறாதீங்க, கடைவீதி வழியாப் போங்க. எடது கைப்பக்கம் பச்சைத் தகரம் போட்டது கொழுந்தனாரு கடை, வெளிய வேன் நிக்கும். இந்நேரத்துக்கு அவரு முன்னாடி நாற்காலியில உக்காந்திருப்பாரு. அங்க வர்றப்ப கொஞ்சம் மெதுவாப் போங்க, ஒரு நிமிசம் நின்னாலும் சரி. கண்ணாடிய மட்டும் எறக்காதீங்க தம்பி. கறுப்புக் கண்ணாடி, உள்ள யாருன்னு வெளிய தெரியாது. நான்தான்னு நெனைச்சுக்கட்டும்.